ஓக் கிரீக் குருத்வாராவின் லங்கர்: ஒரு மெஸ்காரர் மகனின் மதிப்புரை

விலைப்பட்டியல் இல்லை. பில் இல்லை, முன்பதிவு இல்லை, கல்லாவில் உட்கார ஆளும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி விமான நிலையம் இருக்கும் அதே தெற்கு ஹோவெல் அவென்யூவில் இரண்டு மூன்று மைல் தெற்கே வண்டியை விட்டால் ஓக் கிரீக் வருகிறது. அங்கே விஸ்கான்சின் சீக்கியக் கோயில், அதாவது குருத்வாரா, இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டையொட்டி அங்கே எல்லாருக்கும் இலவசமாகப் போடுகிற லங்கர் என்னும் சாப்பாட்டைப் பற்றி, உணவகத்தைப் பற்றி எழுதுவதுபோலவே எழுதப் போகிறேன். புனிதமான இடத்தை இப்படி எடைபோடலாமா என்று என் மனைவி கேட்டாள். பெருமாள் கோயில் புளியோதரைக்கு மதிப்பெண் போடாத தமிழன் யார் என்று திருப்பிக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு இதை எழுத என்ன தகுதி என்றால், என் அப்பா பாளையங்கோட்டையில் மெஸ் நடத்தியவர். கல்லூரி மாணவர்களும் கல்யாணமாகாத குமாஸ்தாக்களும்தான் வாடிக்கை. புது ஓட்டல் எதற்காவது எங்களை அழைத்துப் போனால் அவர் முதலில் குழம்பைத் தொட மாட்டார். பரிமாறுகிறவனின் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். தட்டில் இருந்தால் உட்காருவார். கல்லாப் பக்கமோ வாசல் பக்கமோ இருந்தால், “தோசை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்” என்பார். இந்த மதிப்புரை முழுவதும் அவருடைய அளவுகோல்தான்.

போகிறவர்களுக்கு முதலில் நடைமுறை. காலணிகளைக் கழற்றி வைக்க வேண்டும், தலையை மூட வேண்டும். துணி கொண்டு போகாவிட்டால் அங்கேயே கைக்குட்டை போன்ற துணிகள் வைத்திருக்கிறார்கள். என் தலைக்கு அது எந்தக் கோணத்திலும் நிற்பதில்லை, ஆகவே நான் துண்டு கொண்டு போகிறேன். புகையிலை, மது வாசனையோடு உள்ளே போகக்கூடாது. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வழிபாட்டு மண்டபத்தில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபின் முன் வணங்கிவிட்டு, சற்று நேரம் கீர்த்தனை கேட்டுவிட்டு வருவதுதான் மரியாதை. அங்கே உள்ளங்கையில் வைக்கும் கடா பிரசாதம் கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்த்துக் கிண்டியது. நம் கேசரிக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம், ஆனால் நெய் விஷயத்தில் இவள் பணக்கார வீட்டுப் பெண். கையைத் துடைக்கத் தாள் தேடாதீர்கள், அப்படியே தேய்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்த மண்டபத்துக்குப் போகும் கதவுச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. மற்றவற்றையெல்லாம் பூசி, வண்ணம் அடித்து மறைத்தவர்கள், இதை மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். கீழே சிறு தகடு: ‘நாம் ஒன்றே’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே தேதி.

2012 ஆகஸ்ட் 5, ஞாயிறு. காலை பத்தரை மணி வாக்கில், வெள்ளை இனவெறிக் கும்பல்களிலும் அவர்களுடைய இசைக் குழுக்களிலும் ஊறிய ஒரு முன்னாள் ராணுவத்தான் வண்டி நிறுத்துமிடத்திலேயே சுடத் தொடங்கினான். அவன் பெயர் இந்த மதிப்புரைக்குத் தேவையில்லை. வெளியே இருந்த இரண்டு குழந்தைகள் உள்ளே ஓடிவந்து கத்தியதால்தான் பலர் பிழைத்தார்கள். சமையலறையில் அன்றைய லங்கருக்குச் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் மளிகை வைக்கும் சிற்றறைக்குள் நெருக்கியடித்து ஒளிந்துகொண்டார்கள். கோயிலை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதன் தலைவருமான சத்வந்த் சிங் கலேகா, அறுபத்தைந்து வயதில், கையில் கிடைத்த மழுங்கிய கத்தியோடு அவனை எதிர்த்து நின்று இறந்தார். அன்று இறந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். முதலில் வந்து சேர்ந்த காவல் அதிகாரி பிரையன் மர்பியின் மேல் பதினைந்து குண்டுகள் பாய்ந்தன. உதவிக்கு வந்த சக காவலர்களை, உள்ளே இருப்பவர்களைப் பாருங்கள் என்று அவர் சைகை காட்டி அனுப்பினார். அவர் பிழைத்தார். இன்னொரு காவலரின் குண்டு பட்டதும் கொலைகாரன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான்.

ஏழாவது மரணம் தாமதமாக வந்தது. தலையில் குண்டு பட்ட பாபா பஞ்சாப் சிங் பேச்சும் அசைவும் இழந்து படுக்கையில் கிடந்து 2020 மார்ச்சில் இறந்தார். சர்தி கலாவில் இருக்கிறீர்களா, அதாவது மனம் தளராமல் இருக்கிறீர்களா, என்று மகன் கேட்டால் அவர் இரண்டு முறை கண்ணை இமைத்து ஆம் என்பாராம். சீக்கியர்களின் அன்றாடப் பிரார்த்தனையான அர்தாஸ் முடியும் வரியில் வருகிற சொல் அது. அதே வரியில் ‘சர்பத் தா பலா’ என்றும் வருகிறது; எல்லாருக்கும் நன்மை உண்டாகட்டும் என்று. அதில் யாருக்கும் விலக்கு இல்லை.

காவல்துறை கட்டடத்தைத் திருப்பி ஒப்படைத்ததும் உறுப்பினர்களே வந்து ரத்தம் படிந்த கம்பளங்களைப் பிடுங்கினார்கள், தரையைத் தேய்த்தார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். அடுத்த ஞாயிறே வழிபாடு நடந்தது. இடைப்பட்ட நாள்களில் அங்கே குவிந்திருந்த காவலர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் சாப்பாடு போனது. மெஸ் நடத்திய வீட்டில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில்தான் வியப்பு. எங்கள் வீட்டில் தாத்தா இறந்தபோது பதினாறு நாள் அடுப்பு எரியவில்லை. வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. இவர்கள் சமையலறையிலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்கள்.

சரி, சாப்பாடு.

தரையில் நீளமாக விரிப்பு விரித்திருக்கிறார்கள். பள்ளம் பள்ளமாகப் பிரித்த எவர்சில்வர் தட்டு. வாளியும் கரண்டியுமாக வரிசையில் ஆள் வருவது நம் கல்யாணப் பந்தியேதான், இலைதான் இல்லை. தால் கெட்டியானது, உளுந்தும் கடலைப் பருப்பும் பொறுமையாக வெந்து ஒன்றோடொன்று கலந்து, இஞ்சி நன்றாகத் தெரிகிறது. பெரிய அண்டாவில் பருப்பு வேகவைத்தவர்களுக்குத் தெரியும், அடி பிடிக்காமல் இவ்வளவு குழைய வைப்பது எளிதில்லை. யாரோ ஒருவர் நெடுநேரம் துடுப்பை விடாமல் கிண்டியிருக்கிறார். அது வாசனையிலேயே தெரிகிறது. உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும் சேர்ந்த கறி மஞ்சளும் சீரகமுமாக அடக்கமானது. திருநெல்வேலிக்காரன் நாக்குக்குக் காரம் எட்டாது. எண்பது வயதுப் பாட்டிக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரே வாளியிலிருந்து போட வேண்டியிருக்கும்போது அதுதான் சரி என்று என் புத்தி சொல்கிறது. நாக்கு ஊறுகாயைத் தேடுகிறது. ஊறுகாய் உண்டு.

ரொட்டிதான் இந்த இடத்தின் உச்சம். மெல்லியது, மேலே லேசாக வெண்ணெய் தடவியது, துணி சுற்றிய பெட்டியிலிருந்து சூடாக வருகிறது. அதை வாங்கும்போது இரண்டு கைகளையும் ஏந்த வேண்டும். தட்டில் போடச் சொல்லி விரலால் காட்டினால் பக்கத்தில் இருப்பவர் மென்மையாகத் திருத்துவார். சோறும் வருகிறது. ஆனால் அது நமக்குச் சாப்பாடு, அவர்களுக்கு ஓரத்தில் ஒரு துணைக்கறி. இன்னொரு கரண்டி கேட்டபோது பரிமாறிய பையன் என்னைப் பார்த்த பார்வையில் ‘ஓ, மதராசி’ என்பது தெளிவாக இருந்தது. தயிர் புளிக்காத தயிர். கடைசியில் கீர், அதாவது பால் பாயசம், தாராளமாக.

எல்லாம் சைவம். யாருடைய மதமும் சாப்பிடுவதற்குத் தடையாக இருக்கக்கூடாது என்ற ஏற்பாடு அது.

இப்போது அப்பாவின் கேள்வி. பரிமாறுகிறவர்களின் கண் தட்டில்தான் இருக்கிறது. தால் தீர்ந்து நீங்கள் தலை நிமிர்வதற்குள் வாளி வந்து நிற்கிறது. “ரொட்டி ஜீ, தால் ஜீ” என்று பெயர் சொல்லிக்கொண்டே போகிறார்கள். பண்டத்துக்கே ‘ஜீ’ போடும் மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். என் சட்டை நனைந்த அளவுக்கு என் டம்ளர் நனையவில்லை என்றாலும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. சம்பளம் வாங்கும் வேலையாள் ஒருவர்கூட இல்லை. பாத்திரம் துலக்கும் இடத்தில் நான் நின்றபோது ஒரு பக்கம் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், மறுபக்கம் நெடுந்தூர லாரி ஓட்டுநர். லாரிக்காரர்தான் அங்கே மேஸ்திரி. மருத்துவர் துலக்கிய தட்டு இரண்டை எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே விருந்தோம்பல் மட்டும் இல்லை, சட்டம். குரு நானக் தொடங்கிய லங்கரை ஒழுங்காக நிலைநிறுத்தியவர் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூன்றாம் குரு அமர் தாஸ். தன்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்றார். பேரரசர் அக்பரும் அப்படித்தான் உட்கார்ந்தார் என்பது அவர்கள் மரபு. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது 1920களில் தமிழ்நாட்டையே இரண்டாக்கிய சண்டை. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய கதையில் அந்தத் தனிப் பந்திக்கும் பங்கு உண்டு. பந்தியில் யார் பக்கத்தில் யார் என்பது அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். ஓக் கிரீக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்துத் தேவாலயத்திலிருந்து வந்திருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. முட்டி மடங்காமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கும் அதே பிரச்சினைதான். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துத்தான் எழுந்தோம்.

சாப்பாட்டுக்குப் பின் தேநீர். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, பால் அதிகமாக. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். மில்வாக்கிச் சீக்கியர்களில் பலருக்கு அந்தத் தொழில்தான். எங்கள் பேச்சு எப்படியோ அந்தக் கதவுச் சட்டத்துக்குப் போனது. முஸ்லிம்கள் என்று தவறாக நினைத்துச் சுட்டிருப்பான் என்று அப்போது தொலைக்காட்சியில் சொன்னார்களே, அங்கிள், என்றேன்.

“ஆமாம் பேட்டா, சொன்னார்கள்,” என்றார். “அப்படியானால் சரியான ஆளை அடித்திருந்தால் பரவாயில்லையா?”

நான் தேநீரைக் குடித்தேன்.

2001 செப்டம்பர் 15 அன்று, நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்து நான்கு நாளில், அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்தே சீக்கியர்களின் முன் அந்த எளிய வழி இருந்தது. நாங்கள் அவர்கள் இல்லை என்று ஒரு பலகை எழுதி மாட்டிவிடலாம். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துக் கொல்கிறவனிடம் ஆள் மாறாட்டம் என்று முறையிடுவது உயிர் பிழைக்கும் தந்திரம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. “எங்கள் பிரார்த்தனையில் ‘எல்லாருக்கும் நன்மை’ என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து ‘அவனை அடி, என்னை விடு’ என்றால் அந்தப் பிரார்த்தனை எதற்கு?” என்றார் பெரியவர். என் அலுவலகத்தில் எத்தனையோ பன்முகத்தன்மைப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. தேநீரும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இந்த மாதிரிச் சமயங்களில் மன்னிப்பு என்றால் மிகவும் பிடிக்கும். பிணம் எடுக்கும் முன்பே மைக்கை நீட்டி மன்னித்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். அடிபட்டவன் உடனே மன்னித்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக அடுத்த செய்திக்குப் போகலாம் அல்லவா? ஓக் கிரீக் காரர்களிடம் எனக்குப் பிடித்தது, அவர்கள் பிரார்த்தனையோடு நிற்கவில்லை. கோயிலின் பாதுகாப்பைக் கூட்டினார்கள். கொல்லப்பட்ட ஒரு தாயின் பதினெட்டு வயது மகன் அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போய் செனட் துணைக்குழுவின் முன் பேசினான். அப்போது எஃப்.பி.ஐ.யின் வெறுப்புக் குற்றப் படிவத்தில் சீக்கியர் என்ற கட்டமே கிடையாது. என் தாய்க்கு ஒரு புள்ளிவிவரமாக இருக்கும் கண்ணியத்தையாவது கொடுங்கள் என்று அவன் கேட்டான். 2015 முதல் அந்தக் கட்டம் வந்தது. கூடவே இந்துக்களுக்கும் அரபியருக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் கட்டம் வந்தது. நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு இந்த ஊர்க் கடைத்தெருவில் நடக்கும் என்னை நாளை எவனாவது அடித்தால், அது எந்தக் கணக்கில் எழுதப்படும் என்பதை முடிவு செய்ததில் அந்தப் பையனுக்குப் பங்கு இருக்கிறது. நம் தமிழ்ச் சங்க விழாக்களில் இதைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. பட்டிமன்றத்துக்கு வேறு தலைப்புகள் இருக்கின்றன போலும்.

சத்வந்த் சிங்கின் மகன் பர்தீப் கலேகா முன்பு காவலராக இருந்து, பிறகு ஆசிரியரானவர். அவர் செய்தது இன்னும் விசித்திரம். கொலைகாரன் பின்னாளில் சேர்ந்த இனவெறி அமைப்பை வளர்த்தவர்களில் ஒருவராக இருந்து, பல ஆண்டுகளுக்கு முன்பே அதை உதறிவிட்டு வந்த ஆர்னோ மைக்கேலிஸ் என்பவரைத் தேடிப் பிடித்தார். ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்கத்தான். அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் ஓர் உணவகத்தில் சந்தித்துப் பேசினார்கள். அதிலிருந்து ‘சர்வ் 2 யுனைட்’ என்று பள்ளி மாணவர்களோடு வேலை செய்யும் முயற்சி பிறந்தது. அப்பனைக் கொன்ற கூட்டத்தில் இருந்தவனோடு ஒரே மேசையில் சாப்பிட என்னால் முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் சிறு வயதிலிருந்து யார் பக்கத்தில் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு அது என்னைவிடக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இனி போக நினைப்பவர்களுக்கு. இலவசச் சாப்பாடு என்று கூட்டமாகப் படையெடுக்காதீர்கள். போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். உண்டியல் வழிபாட்டு மண்டபத்தில் இருக்கிறது, யாரும் நீட்டிக் கேட்பதில்லை. தட்டில் மிச்சம் வைப்பது அங்கே மிகவும் அநாகரிகம். ஆகவே முதலில் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடி கேளுங்கள். சமையலறையில் உதவ விரும்பினால் அங்கிருக்கும் யாரிடமாவது சொன்னால் போதும். வெங்காயம் உரிக்கும் வேலை முதலில் வரும் என்பதையும் எச்சரித்து வைக்கிறேன். முட்டி வலிக்காரர்கள் சுவரோரமாக இடம் பிடிப்பது நல்லது. படம் எடுக்கும் முன் கேளுங்கள், குறிப்பாக அந்தக் கதவுச் சட்டத்தை. அதன் வழியாகத்தான் அந்தக் குடும்பங்கள் ஒவ்வொரு வாரமும் உள்ளே போகின்றன.

ஆகஸ்ட் முதல் வாரத்தை ஒட்டிப் போவதானால், ‘சர்தி கலா’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நடத்தும் நினைவு ஓட்டத்திலும் சேர்ந்துகொள்ளலாம். அன்றே இறந்த ஆறு பேர் நினைவாக ஆறு கிலோமீட்டர். ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை, நடக்கலாம். நான் நடந்தேன், குழந்தை வண்டி தள்ளியவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். அதே நாள்களில் கோயிலில் நாற்பத்தெட்டு மணி நேர அகண்ட பாடமும், அதாவது குரு கிரந்த சாஹிபை இடைவிடாமல் வாசிப்பதும், நடக்கும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ரொட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, தாலுக்கும் தேநீருக்கும் அதேதான், கறிக்கு நாலு. சோறு சுமாராக இருந்தாலும் மூன்று போடுகிறேன். பரிமாறலுக்கு அப்பா இருந்திருந்தால் எவ்வளவு போட்டிருப்பார் என்று தெரியாது, ஆனால் இரண்டாம் முறை சாதம் கேட்டிருப்பார். கீருக்கு மதிப்பெண் போடவில்லை, மூன்று கிண்ணம் சாப்பிட்டவன் நடுநிலையாக இருக்க முடியாது.